உலோகத் தகட்டை அரித்து அச்செடுக்கும் எட்சிங் செய்தவர்களே, உங்களை மறக்கவிடாத ஒரு பிரதியைப் பற்றிச் சொல்லுங்கள்

நானே தொடங்குகிறேன். செம்புத் தகட்டில் அம்மாவின் கைகளை வரைந்தேன். மெழுகும் நிலக்கீலும் கலந்த பூச்சின்மேல் ஊசியால் கீறுவது பேனாவில் எழுதுவது போலத்தான், அழுத்தவே வேண்டாம், செம்பு தெரிந்தால் போதும், பள்ளம் பறிப்பது செம்பை அரிக்கும் ஃபெரிக் குளோரைடு கரைசலின் வேலை. விரல் நுனிகளின் மெல்லிய கோடுகளுக்கு 10 நிமிடம் விட்டேன், அப்புறம் தகட்டைக் கழுவி அந்த இடங்களை வார்னிஷால் மூடிவிட்டு, மூட்டுச் சுருக்கங்களை மட்டும் இன்னும் அரை மணி நேரம் அரிக்க விட்டேன்.

மை தேய்த்து, பள்ளங்களில் மட்டும் மை தங்கும்படி தகட்டைப் பளிச்சென்று துடைத்து, ஈரத்தாள் வைத்து பிரெஸ்ஸில் ஓட்டினேன். இடது கை வலதாக மாறி வரும் என்பது தெரிந்ததுதான். கோடுகள் எல்லாம் சரியாகவே விழுந்தன, ஆனால் பாடப்புத்தகப் படம் போல இருந்தது. இரண்டாவது பிரதிக்கு, கைகளைச் சுற்றி மையை முழுசாகத் துடைக்காமல் மெல்லிய படலமாக விட்டேன். இருட்டுக்குள்ளிருந்து இரண்டு கைகள் வந்தன! அதே தகடு, ஒரு கோடுகூட மாறவில்லை. டச்சு ஓவியர் ரெம்பிராண்டும் துடைக்கும் விதத்தை மாற்றி ஒரே தகட்டிலிருந்து வெவ்வேறு வெளிச்சத்தில் பிரதிகள் எடுத்திருக்கிறார், அதைப் படித்திருந்தும் என் கையால் செய்யும்வரை புரியவில்லை. அம்மா அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, ரொம்ப நேரம் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பதில்:

படிக்கும்போதே நெஞ்சைத் தொட்டது. எனக்கு எட்சிங்கின் ஒரு வகையான அக்வாடின்ட்டில் நடந்தது. ரோசின் என்ற மரப்பிசின் தூளைத் தகட்டில் தூவி, அடியில் சூடு காட்டி ஒட்டவைத்தால், அமிலம் துகள்களுக்கு நடுவே மட்டும் அரிக்கும், அந்தப் பொடிக் குழிகளில் மை தங்கிக் கோடே இல்லாத கருமை கிடைக்கும். ஸ்பானிய ஓவியர் கோயா 1799இல் வெளியிட்ட 80 படத் தொகுப்பில் பல படங்களின் இருட்டு இப்படி வந்ததுதான். அந்தக் கருமைக்கு ஆசைப்பட்டு நான் அளவுக்கு மீறி அரிக்கவிட்டேன். துகள்களுக்கு அடியிலும் அரித்துக் குழிகள் ஒன்றாகிவிட, மை நிற்க இடமில்லாமல் இரவு வானம் சாம்பலாக வந்தது. அன்று அழுதேவிட்டேன். ஒரு வாரம் கழித்து மறுபடி ரோசின் தூவி, இந்த முறை கடிகாரத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல் அரித்தேன், நான் நினைத்த இரவு கிடைத்தது. நிலாவை மட்டும் பர்னிஷர் என்ற வழவழப்பான உலோகக் கருவியால் தேய்த்துத் தேய்த்து எடுத்தேன், கை விட்டுப்போனது, ஆனால் அந்த ஓரம் மட்டும் மெல்ல மெல்ல வெளுத்து வருவதை வேறு எந்த முறையிலும் என்னால் கொண்டுவர முடிந்ததில்லை.

சரி, புதிதாகச் செய்பவர்களுக்கு ஒன்று: மாஸ்க் இல்லாமல் அந்த ரோசின் தூளைத் தொடாதீர்கள்.