கார்பனுக்கும் இரும்புக்கும் நடுவில் கண்ணாடித் துணி வேண்டுமா, வேண்டாமா?

துருப்பகை:
துருப்பிடித்த இரும்பு பீமின் கீழ் ஃபிளாஞ்சில் (அடியில் இருக்கும் அகலத் தகட்டில்) வலுவூட்ட எபாக்சிப் பசையால் கார்பன் ஃபைபர் பட்டை ஒட்டுவது பற்றி பசைராஜா நேற்று எழுதியது: "எபாக்சி 1 மி.மீ. இருந்தால் போதும். கண்ணாடித் துணி எல்லாம் பொருள் விற்பவர்கள் கட்டிவிட்ட கதை." இதை நம்பி யாராவது ஒட்டித் தொலைப்பதற்கு முன்னால் சொல்லிவிடுகிறேன். கார்பன் மின்சாரத்தைக் கடத்தும். அது இரும்பைத் தொட்டு, இரண்டின் மேலும் ஈரம் படர்ந்தால் அங்கே ஒரு பேட்டரி உருவாகும். அதில் கரைவது இரும்புதான். துருவை நிறுத்தப் போய்த் துருவுக்கே தீனி போடுவதா? நடுவில் ஓர் அடுக்கு கண்ணாடித் துணி வேண்டும். அது பிசினில் முழுக்க ஊறியிருக்க வேண்டும், கார்பனின் ஓரத்தைத் தாண்டி நாலு பக்கமும் 20 மி.மீ.யாவது நீண்டிருக்க வேண்டும். இதில் பேரமே கிடையாது.

பசைராஜா:
பாதியை வெட்டி மேற்கோள் காட்டுவது உங்கள் பழைய பழக்கம். போல்ட் முறுக்கு விவாதத்திலும் இதையேதான் செய்தீர்கள். நான் எழுதியது "ஸ்பேசர் மணி கலந்த 1 மி.மீ. எபாக்சி". 1 மி.மீ. விட்டமுள்ள மணிகள் பசையில் இருந்தால், எவ்வளவு அழுத்தினாலும் பட்டை அதற்குக் கீழே இறங்காது. எபாக்சி மின்சாரத்தைக் கடத்தாது. பாதை இல்லாத இடத்தில் பேட்டரி எங்கிருந்து வரும்? உங்கள் துணியோ ஒட்டுக்குள் இன்னொரு அடுக்கைச் சேர்க்கிறது. அதில் நனையாத இழை ஒரு கொத்து மிஞ்சினாலும், விளக்குத் திரி மாதிரி ஓரத்திலிருந்து தண்ணீரை உள்ளே இழுக்கும்.

துருப்பகை:
அந்த மணி எதனால் செய்தது? கண்ணாடியால்! மணியாக வந்தால் நல்லது, துணியாக வந்தால் கதையா?

சரி, மணி போட்டீர்கள். பட்டையின் முனை? முனையில் பசையை விளிம்பு வரை பிதுக்கி மூடாவிட்டால் வெட்டிய இழைகள் வெளியே தெரியும். பட்டை உரியாமல் இருக்க அங்கேயே எஃகுக் கிளாம்ப் மாட்டுகிறார்கள். கிளாம்ப் கார்பனைக் கடிக்கும், போல்ட் ஃபிளாஞ்சைத் தொடும். உங்கள் 1 மி.மீ. பசை அப்போது எதைத் தடுக்கும்? அதிலும் கார்பனின் பரப்பு பெரிது. பெயிண்டில் ஊசிமுனை ஓட்டை ஒன்று விழுந்தால், மொத்த அரிப்பும் அந்த ஒரு புள்ளியில் இறங்கிக் குழி தோண்டும்.

எடைக்கணக்கு:
ஏற்கெனவே இறுகி வரும் கார்பன் பட்டைக்கும், தளத்திலேயே பிசின் தடவி உருட்டும் கார்பன் துணிக்கும் உள்ள வித்தியாசத்தை இரண்டு பேரும் பேசவே இல்லை. அது கிடக்கட்டும். சாதாரண கார்பன் பட்டையின் மீள்தன்மைக் குணகம் (இழுத்தால் நீளாமல் எதிர்க்கும் அளவு) 165 ஜிகாபாஸ்கல், எஃகுக்கு 200க்கு மேல். அதாவது மெல்லிய பட்டை பீமின் விறைப்பைப் பெரிதாகக் கூட்டாது. பீமின் சொந்த எடையும் ஏற்கெனவே இரும்பில்தான் இருக்கிறது. ஜாக்கி வைத்துத் தூக்கிவிட்டு ஒட்டினால்தான் அதில் ஒரு பங்கு கார்பனுக்குப் போகும். முனையைச் சரிவாகச் சீவாவிட்டால் உரிதல் அங்கேதான் தொடங்கும். வெயிலில் இரும்பு நீளும், கார்பன் ஏறக்குறைய நீளவே நீளாது. அந்த இழுபறியும் முனைப் பசையின் தலையில்தான் விழும்.

துருப்பகை:
கணக்கு சரி. கண்ணாடித் துணி வேண்டுமா வேண்டாமா? அதைச் சொல்லுங்கள்.

நெருப்புக்கோல்:
எதற்கு இந்த ஒட்டு வேலை? துரு தின்ற இடத்தில் பிளேட் வைத்து வெல்டு பண்ணுங்கள். தளத்திலேயே உலரும் எபாக்சி 60 டிகிரி வாக்கில் இளகத் தொடங்கும். தீப்பிடித்தால் பட்டை இருந்தும் இல்லாத மாதிரிதான்.

துருப்பகை:
துரு தின்று 4 மி.மீ. ஆகிவிட்ட வெப்பில் (பீமின் செங்குத்து நடுத்தகட்டில்) வெல்டு வைத்தால் ஓட்டை விழலாம். பழைய வார்ப்பிரும்பு வெல்டிங் சூட்டில் விரிசல் விடும். வண்டி ஓடும் பாலத்தில் ஒவ்வொரு வெல்டு முனையும் களைப்பு விரிசலுக்கு, அதாவது சுமை திரும்பத் திரும்ப ஏறி இறங்கி வரும் விரிசலுக்கு, விதை. வெல்டிங் பேச வேறு விவாதம் திறந்துகொள்ளுங்கள். இங்கே கேள்வி கண்ணாடித் துணி.

பசைராஜா:
இங்கிலாந்தின் டிக்ஃபோர்டு பாலம். 1810இல் கட்டிய வார்ப்பிரும்புப் பாலம், 1999இல் கார்பன் ஒட்டி வலுவூட்டினார்கள். இரும்புக்கும் கார்பனுக்கும் நடுவில் வைத்தது மெல்லிய பாலியெஸ்டர் வலை. கண்ணாடித் துணி இல்லை. போதுமா?

துருப்பகை:
போதும், நன்றி! நடுவில் ஒரு தடுப்பு அடுக்கு வைத்தார்களா இல்லையா? வெறும் பசையை நம்பவில்லை. என் கட்சிக்கு நீங்களே சாட்சி சொல்லிவிட்டீர்கள்.

பசைராஜா:
நீங்கள் கேட்டது கண்ணாடி. பாலியெஸ்டர் எப்போது கண்ணாடி ஆனது? தோற்கும்போதெல்லாம் கோல் போஸ்டை நகர்த்தாதீர்கள்.

எடைக்கணக்கு:
துணிக்குச் சண்டை போடுகிறீர்கள், அடியில் இருக்கும் உப்பை யாரும் பேசவில்லை. துருக் குழிக்குள் குளோரைடு இருந்தால் கிரிட் பிளாஸ்டிங் (கூரான துகள்களை வேகமாக அடித்துச் சுரண்டுவது) மட்டும் அதை எடுக்காது. பளபளவென்று தெரிகிற இரும்பு மறுநாள் காலை கறுத்துவிடும். முதலில் எண்ணெய்ப் பிசுக்கைக் கரைப்பானால் துடையுங்கள். பிளாஸ்ட் அடித்து, நல்ல தண்ணீரை உயர் அழுத்தத்தில் பீய்ச்சி, உலர்ந்ததும் மறுபடி எஸ்ஏ 2.5 தரத்துக்கு, அதாவது ஏறக்குறைய வெறும் இரும்பு தெரியும் வரை, அடியுங்கள். சொரசொரப்பு 50 முதல் 75 மைக்ரான். ஒட்டுத்தாள் வைத்து உப்பைச் சோதியுங்கள். இரும்பின் வெப்பம் பனிநிலையைவிட (காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பத்தைவிட) 3 டிகிரியாவது கூட இருக்க வேண்டும். சில மணி நேரத்துக்குள் ப்ரைமரோ பசையோ ஏறிவிட வேண்டும். கான்கிரீட்டில் ஒட்டினால் கான்கிரீட் பிய்ந்து வரும். இரும்பில் தோற்பது பசை, இல்லையென்றால் பசை பிடித்த பரப்பு. அதனால்தான் இவ்வளவு பாடு.

துருப்பகை:
அந்த 75 மைக்ரானையே எடுத்துக்கொள்ளுங்கள். மணி கலந்த பசை எல்லாம் பட்டைக்குத்தான். பிசினில் நனைத்த கார்பன் துணியை ரோலரால் அழுத்தும்போது பிசின் படலம் முடி அளவுக்கு மெலியும், பிளாஸ்ட் அடித்த முகடு இழையைக் குத்தும். அங்கே கண்ணாடித் துணி இல்லாமல் யார் தடுப்பார்? சந்தேகமிருந்தால் பசை இறுகியபின் மல்டிமீட்டர் வையுங்கள். ஒரு கம்பி சுரண்டிய இரும்பில், இன்னொன்று கார்பனில். மெகாஓம் காட்டாவிட்டால் தொடுகிறது என்று அர்த்தம்.

பசைராஜா:
கார்பனில் எங்கே வைப்பீர்கள்? மேல் தோல் முழுக்கப் பிசின். அப்படியே வைத்தால் மெகாஓம்தான் காட்டும், உள்ளே தொட்டுக்கொண்டிருந்தாலும். முனையை உப்புத்தாளால் தேய்த்து இழையை வெளியே எடுத்துவிட்டு வைக்க வேண்டும். இதுகூடச் சொல்லாமல் பாடம் எடுக்கிறீர்கள்.

துருப்பகை:
"கார்பனில்" என்றால் கார்பன் இழையில். பிசினில் என்று நான் எழுதவில்லை. தேய்த்து வையுங்கள், எண்ணை இங்கே போடுங்கள். அதுவரை கண்ணாடித் துணியில்லாத ஒட்டை ரிப்பேர் என்று சொல்லாதீர்கள்.

பசைராஜா:
மணி கலந்த பட்டையில் எண் கேட்கிறீர்களா, ரோலர் அடித்த கார்பன் துணியிலா? முதலில் அதை முடிவு செய்யுங்கள்.

நெருப்புக்கோல்:
வெல்டுக்கு மல்டிமீட்டரே தேவையில்லை.