'ஏலாமப் போச்சோ?'

கத்தோலிக்கக் குருவாகப் படிக்கிற குருமடத்தை விட்டு வந்தவனைத் திருகோணமலையில் எப்படிப் பார்ப்பார்கள் என்பது வந்தவனுக்குத்தான் தெரியும். நாலு வருடம் இருந்துவிட்டு 2016இல் வீட்டுக்கு வந்தேன். சண்டை ஒன்றுமில்லை, என் வழி குடும்பம்தான் என்று தெளிந்துவிட்டது, பொறுப்பான பாதரிடம் சொன்னேன், அவரும் ஆசீர்வதித்தே அனுப்பினார். ஆனால் பாலையூற்றில் பூசை முடிந்து வெளியே நின்றால் யாராவது ஒரு மாமி, "ஏன் தம்பி, ஏலாமப் போச்சோ?" என்பார். சோதனையில் பெயிலாகி வந்த மாதிரி. அம்மா கொஞ்ச நாள் ஞாயிறு முதல் பூசைக்கே போகவில்லை.

நிலாவெளிப் பக்கம் ஒரு சின்னப் பங்குக் கோயிலில் வயசான பாதர் ஒருவர் இருந்தார். ஒரு பின்னேரம் அவரிடம் போனேன். விறாந்தையில் இருந்து அங்கிக்குப் பொத்தான் தைக்கப் பார்த்துக்கொண்டிருந்தார், ஊசியில் நூல் போகவில்லை. என்னைக் கண்டதும் ஊசியை நீட்டினார். கோத்துக் கொடுத்தேன். தைத்தபடியே, "லூயி மார்ட்டினைத் தெரியுமோ?" என்று கேட்டார்.

'குழந்தை இயேசுவின் தெரேசம்மா' என்கிற புனிதையின் அப்பா. மணிக்கூடு திருத்துகிறவர். வாலிபத்தில் ஆல்ப்ஸ் மலை மடம் ஒன்றில் சேரப் போக, முதலில் லத்தீன் படித்துவிட்டு வா என்று திருப்பி அனுப்பிவிட்டார்களாம். செலி என்ற பெண்ணும் கன்னியாஸ்திரியாகக் கேட்டு, இது உனக்கான அழைப்பு இல்லை என்ற பதிலோடு திரும்பியவர். இரண்டு பேரும் 1858இல் கலியாணம் கட்டினார்கள். ஒன்பது பிள்ளைகள், நாலு பேர் சின்னதிலேயே போய்விட்டார்கள், மிச்ச ஐந்து பேரும் கன்னியாஸ்திரிகள். 2015 ஒக்டோபரில் பாப்பரசர் பிரான்சிஸ் இருவரையும் சேர்த்தே புனிதராக்கினார். "அவையளும் ஏலாமப் போனவைதானே, உன்ர மாமியிட்ட சொல்லு" என்று சிரித்தார்.

எனக்கு அது போதவில்லை. கலியாணத்தைவிடத் துறவறம்தான் உயர்ந்தது என்று ஆயர்கள் கூடின திரிதெந்து சங்கம் 1563இலேயே சொல்லியிருக்கிறதே என்று மடக்கினேன் (குருமடத்துப் பழக்கம்). அவர் மறுக்கவில்லை. அது நிலையைப் பற்றின பேச்சு, அதில் நிற்கிற ஆளைப் பற்றியது இல்லை என்றார். கொரிந்தியருக்கு எழுதின முதல் மடலில், மணமாகாமல் இருப்பதைப் புகழ்கிற அதே ஏழாம் அதிகாரத்தில்தான் பவுல் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு வரம் என்று எழுதுகிறார். பாப்பரசர் இரண்டாம் யோவான் பவுல் 1981இல் குடும்பத்தைப் பற்றி எழுதின ஊக்கவுரையில் திருமணம், கன்னிமை இரண்டையுமே அன்பின் அழைப்புக்குப் பதில் சொல்லும் வழிகளாகத்தான் வைக்கிறார். அப்புறம் அவர் சொன்னதில் எனக்கு உறைத்தது இதுதான்: "கலியாணம் எண்ட அருட்சாதனத்தை உங்களுக்குத் தாறது நான் இல்லை. நீங்கள் ரெண்டு பேரும்தான் ஒருத்தருக்கொருத்தர் குடுக்கிறீங்கள், நான் திருச்சபையின்ர பேரில நிக்கிற சாட்சி." இறையியல் வகுப்பில் படித்ததுதான், ஆனால் அன்றுதான் காதில் விழுந்தது.

கிளம்பும்போது, தனிமையாக இல்லையா பாதர் என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாதோ என்று இப்போதும் நினைப்பதுண்டு. கொஞ்ச நேரம் பேசவில்லை. "நத்தார் ராப்பூசை முடிஞ்சு எல்லாரும் வீட்டுக்குப் போவினம். பிறகு கோயில் கதவை நான் பூட்டுவன். அந்தச் சத்தம்தான். நாப்பது வருசம் ஆச்சு, இன்னும் பழகேல்லை" என்றார். அதற்காக வேறு வாழ்க்கை கேட்கமாட்டேன் என்றும் சொன்னார்.

அடுத்த வருடம் மூன்று ஞாயிறு கோயிலில் கலியாண அறிவித்தல் ஓலை வாசித்து எங்கள் கலியாணம் நடந்தது. பாதரே வந்து நடத்திவைத்தார். அதிலிருந்து நத்தார் இரவில் நானும் மனைவியும் அவர் கோயிலுக்குத்தான் போவோம், எல்லாரும் போகும் வரை நின்று, கதவைப் பூட்டினதும் அவர் தங்குகிற அறைவீட்டில் அவரோடு தேத்தண்ணியும் கேக்கும். இரண்டு வருடம் அப்படிப் போனது. மூன்றாம் வருடம் மகனுக்குக் கடும் காய்ச்சல், இரவு முழுக்க மாறி மாறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தோம்.

விடியப் பாதர் போன் எடுத்தார். "பிள்ளைக்கு எப்பிடி?" என்றார். குறைந்துவிட்டது என்றேன். இரவு கதவை யார் பூட்டியது என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.