ஹிக்கின்ஸ் பாகவதர் உடுப்பி கதை: யார்கிட்டயாவது ஆதாரம் இருக்கா?

வராளி: இன்னிக்கு காலைல மூணாவது தடவையா அதே ஃபார்வர்ட். கர்னாடக சங்கீதம் பாடின அமெரிக்காக்காரர் ஜான் ஹிக்கின்ஸ் உடுப்பி கிருஷ்ணன் கோயிலுக்குப் போனாராம், வெள்ளைக்காரன்னு உள்ள விடலியாம், வெளியவே நின்னு "கிருஷ்ணா நீ பேகனே பாரோ" பாடினாராம், அர்ச்சகர் எல்லாம் அழுதுட்டே உள்ள கூட்டிட்டுப் போனாங்களாம். எந்த வருஷம், கூட யார் இருந்தா, ஒண்ணும் கெடையாது. அந்த மனுஷன் யூனிவர்சிட்டி ப்ரொஃபசருங்க, பரதநாட்டிய சங்கீதத்த ஆராய்ச்சி பண்ணி 1973ல டாக்டர் பட்டம் வாங்கினவர். அப்படிப்பட்டவர் வீட்டுக்கு லெட்டர் போடாமலா இருந்திருப்பார்? உடுப்பில எனக்கு இப்படி ஆச்சுன்னு அவர் கைப்பட எழுதின ஒரே ஒரு லெட்டர் காட்டுங்க, நான் வாய மூடிக்கறேன்.

கோமதி நெல்லை: எங்கப்பா மெட்ராஸ்ல அவர் கச்சேரிய நேர்ல கேட்டவர். இதே கதைய எனக்கு பத்து வயசுலயே சொல்லிருக்கார். அப்ப ஏது வாட்ஸ்அப்பு?

வராளி: அக்கா, உங்கப்பா உடுப்பில நின்னாரா? இல்லல்ல. அப்ப அதுவும் ஃபார்வர்ட்தான், வாயால வந்த ஃபார்வர்ட். உடுப்பில கனகதாசர் கதைனு ஒண்ணு இருக்கு தெரியுமா, சாதிய சொல்லி அவர உள்ள விடல, அவர் பின்னாடி நின்னு பாடினார், கிருஷ்ணன் மேற்கே திரும்பி சுவத்துப் பொத்தல் வழியா தரிசனம் குடுத்தான், இன்னிக்கும் அந்த எடத்துக்கு கனகன கிண்டினு பேரு. அதே கதைதான் இது, ஆளு மட்டும் வெள்ளக்காரர். அப்பறம் இன்னொண்ணு, சாமிய அங்க ஒம்போது ஓட்டை ஜன்னல் வழியாதான் பாக்கறாங்க, இதுல எந்தக் கதவ தொறந்தாங்களாம்?

மிளகாபஜ்ஜி: ஒம்போது ஓட்டைல எத்தனாவது ஓட்டைல லெட்டர் இருக்குனு பாத்தீங்களா சார்

கோமதி நெல்லை: கோயிலுக்குள்ள விடறது வேற, சன்னிதி வேற. நான் மூணு தடவ போயிருக்கேன் எனக்கு சொல்லித்தர வேண்டாம். ஒருத்தருக்கு நடந்தது இன்னொருத்தருக்கு நடக்கக் கூடாதா? ஜேசுதாஸ கிறிஸ்தவர்னு குருவாயூர் கோயில்ல உள்ள விடலியே?

வராளி: ஜேசுதாஸ் விஷயம் ஊருக்கே தெரியும், அவரே பேசிருக்கார். ஹிக்கின்ஸ் எங்க சொல்லிருக்கார்? லெட்டர் எங்க?

டொராண்டோ பாலா: நான் இங்க இருக்கறதால சொல்றேன், 1971ல யார்க் யூனிவர்சிட்டில நம்ம சங்கீதத்துக்கு வகுப்பு ஆரம்பிச்சதே ஹிக்கின்ஸும் மிருதங்கம் திருச்சி சங்கரனும் சேர்ந்துதான். அதப் பத்தி ஒருத்தர் வாயத் தொறக்கல. அவர் கத்துக்கிட்டது ரங்கநாதன்கிட்ட, அதனாலதான் லயம் அவ்ளோ கெட்டி.

வராளி: தப்பு. பாட்டு சொல்லிக்குடுத்தது புல்லாங்குழல் விஸ்வநாதன். ரங்கநாதன் அவர் அண்ணன், மிருதங்கம். ரெண்டு பேரும் வீணை தனம்மாள் பேரன்கள், அக்கா பரதநாட்டியம் பாலசரஸ்வதி, பாலம்மானு சொல்வாங்க. போன மார்கழிலயும் இதே மாதிரி ஒண்ணு தப்பா எழுதிட்டு அப்பறம் டெலிட் பண்ணிட்டு ஓடினீங்க பாலா, மறக்கல.

டொராண்டோ பாலா: டெலிட் பண்ணல, அட்மின் தூக்கினாரு. ரெண்டு பேர்கிட்டயும் கத்துக்கிட்டார்னுதான் நான் சொல்ல வந்தேன்.

வராளி: சொல்ல வந்தது வேற, எழுதினது வேற. அத விடுங்க, "கிருஷ்ணா நீ பேகனே" பாலம்மா வீட்டுப் பாட்டு, அந்தம்மா அபிநயம் புடிச்சா அதுக்குதான் ஊரே வரும், ஹிக்கின்ஸ் அந்த வீட்டோட பழகினவர், பாட்டு தெரிஞ்சிருக்கும், உடுப்பி கிருஷ்ணன் மேல கன்னடப் பாட்டு வேற, போதாதா, யாரோ ஒக்காந்து ரெண்டையும் முடிச்சு போட்டுட்டாங்க.

கோமதி நெல்லை: அதாவது பாட்டு தெரியும், பாடகர், இந்தியாவுக்கு வந்தார், எல்லாம் சரி, உடுப்பிக்கு மட்டும் போயிருக்க மாட்டார். நல்ல லாஜிக்.

வராளி: போயிருக்க மாட்டார்னு நான் எங்க சொன்னேன்? லெட்டர் காட்டுங்கனு சொன்னேன்.

சும்மா சுப்பு: அவர் தெலுங்கு உச்சரிப்பு எனக்கு ஒட்டவே இல்ல. தியாகராஜர் கீர்த்தனை எந்தரோ மகானுபாவுலு கேட்டேன், சர்ச்சுல பாடற மாதிரி இருந்துது. ஓவரா தூக்கி வெக்கறீங்க.

கோமதி நெல்லை: தம்பி, எங்க வீட்டுல அந்த எந்தரோ கேசட் இருந்துது. நாடா வெளிய வந்துடும், பென்சில விட்டு சுத்தி சுத்தி உள்ள தள்ளுவோம், ஒரு எடத்துல கசங்கிப் போய் குரல் தண்ணிக்குள்ள முங்கி எந்திரிச்ச மாதிரி கேக்கும். அப்பவும் எங்கம்மா அடுப்ப சிம்ல வெச்சுட்டு வந்து நிப்பாங்க. "எந்தரோ"னு எடுக்கும்போது அந்த ஓகாரத்த எப்படி உருட்டி வெப்பார், இங்க பொறந்தவனே அதுல பாதிய முழுங்கிடறான். பாடினது அமெரிக்காக்காரர்னு எங்க பாட்டிக்கு சாகற வரைக்கும் தெரியாது.

சும்மா சுப்பு: பாட்டிக்கு காது சரியா கேட்டுதா

கோமதி நெல்லை: பாட்டிய இழுக்காதீங்க. சொல்லிட்டேன்.

மிளகாபஜ்ஜி: நான் பாப்கார்ன் வாங்கிட்டு வரேன்

வராளி: சுப்பு, உச்சரிப்புல நான் கோமதியக்கா பக்கம். திருவையாறு தியாகராஜர் ஆராதனைல பாடினவர், சும்மா கெடைக்கற எடம் இல்ல அது. ஆனா உடுப்பிக்கு லெட்டர் இன்னும் வரல. எனக்கு எரிச்சலே என்னன்னா, 1984 டிசம்பர் 7, நாயக் கூட்டிட்டு நடந்து போயிட்டு இருந்தவர ஒரு குடிகாரன் கார் ஏத்திக் கொன்னுட்டான், 45 வயசு, அதே வருஷம் பிப்ரவரிலதான் பாலம்மா போனாங்க. இத ஒருத்தனும் ஃபார்வர்ட் பண்றதில்ல. உடுப்பிதான் வேணும் எல்லாருக்கும். ஏன்னா அதுல நம்ம ஆளுங்க கடைசில நல்லவங்களாயிடறாங்க, மொதல்ல தடுத்தது யாருனு ஒருத்தரும் கேக்கறதில்ல.

டொராண்டோ பாலா: நடக்கவே இல்லனு சொல்லிட்டு இப்ப தடுத்தது யாருனு கேக்கறீங்களே சார்

வராளி: கதைக்குள்ள யாருனு கேட்டேன். படிங்க ஒழுங்கா.

கோமதி நெல்லை: வராளி ராகத்த குரு நேரா சொல்லித்தந்தா குரு சிஷ்யன் பிரிஞ்சுடுவாங்கனு சொல்வாங்க. பேர் பொருத்தமாதான் வெச்சிருக்கீங்க.

வராளி: சாபம் வேறயா. லெட்டர் இல்லனு ஒத்துக்கறீங்களா இல்லையா?

கோமதி நெல்லை: இந்த வாரம் தம்பி வீட்டு பரண்ல கேசட்ட தேடப் போறேன். கெடச்சா இங்க போடறேன், சுப்பு கேக்க வேண்டாம்.

சும்மா சுப்பு: எந்தரோ ஸ்ரீராகம்தானே, அந்த ராகமே எனக்கு புடிக்காது

டொராண்டோ பாலா: அட்மின், நான் டெலிட் பண்ணலனு ஒரு வார்த்த சொல்லுங்களேன்