ஆங்கிலத் தாய்மொழிக்காரரோடு பேசாமல் நார்வேக்காரருக்கு ஆங்கிலம் வராதாமே!

மழைநகர்வாசி:
எண்ணெய்க்கிணறு அண்ணை நேற்று ஒரு முத்து உதிர்த்திருந்தார். நார்வேக்காரர் நல்ல ஆங்கிலம் பேச ஒரே காரணம், ஆங்கிலேயரோடும் அமெரிக்கரோடும் பேசிப் பழகுவதுதானாம். சாட்சி கால்பந்து வீரர் எர்லிங் ஹாலண்டாம்! படித்ததிலிருந்து எரிச்சல். பெர்கனில் என் பக்கத்து வீட்டுப் பையன் ஓர் ஆங்கிலேயரோடும் நேரில் பேசியதில்லை. கணினி விளையாட்டில் எதிராளியைத் திட்டும்போது அவன் ஆங்கிலத்தைக் கேட்க வேண்டும். இங்கே சிறுபிள்ளைகளுக்கான படங்கள் தவிர மற்றதெல்லாம் மூல மொழியிலேயே ஓடும், கீழே எழுத்து மட்டும் வரும். ஐம்பத்தைந்து லட்சம் பேருக்காக யார் டப்பிங் செய்வார்? 1997 சீர்திருத்தத்துக்குப் பிறகு ஒன்றாம் வகுப்பிலேயே ஆங்கிலம். இதெல்லாம் கணக்கில் இல்லையா?

எண்ணெய்க்கிணறு:
அந்தப் பையன் திட்டுகிற எதிராளி யார் தம்பி? லிவர்பூல் பையனோ ஓஹையோ பையனோ இல்லையா? அதுவே பயிற்சிதானே! தவிர, கோடையில் பெர்கன் துறைமுகத்தில் கப்பல் கப்பலாக வந்து இறங்குகிறவர்கள் யாராம்? ஸ்தவாங்கருக்கு வந்து பாருங்கள். மீனை டப்பாவில் அடைத்துக்கொண்டிருந்த ஊர் இது. 1969இல் வடகடலில் எக்கோஃபிஸ்க் வயலில் எண்ணெய் கிடைத்தது, அமெரிக்கர்கள் குடும்பத்தோடு வந்து குடியேறினார்கள். கடலில் துளையிடும் மேடையில் அவர்களோடு வேலை செய்து ஆங்கிலம் கற்றவர்கள் என் தெருவிலேயே இருக்கிறார்கள். ஹாலண்ட் 2000இல் இங்கிலாந்தின் லீட்ஸில் பிறந்தவர். தேடிப் பாருங்கள்.

கறார்கணக்கு:
பிறந்தார் சரி. மூன்று வயதில் நார்வேயில் ப்ரினே ஊருக்குத் திரும்பிவிட்டாரே! மூன்று வயதுப் பிள்ளை ஆங்கிலத்தைப் பெட்டியில் கட்டிக்கொண்டா வந்தது?

எண்ணெய்க்கிணறு:
மூன்று வயது என்றால் சும்மாவா? காது திறக்கிற வயது அதுதான். லீட்ஸ் லீட்ஸ்தான்.

மழைநகர்வாசி:
அப்படியானால் ஸ்டோல்டன்பர்க்? 2014 முதல் 2024 வரை நேட்டோ பொதுச்செயலாளர். பத்து ஆண்டுகள் அமெரிக்கரும் ஆங்கிலேயரும் சூழ இருந்தார். வாயைத் திறந்தால் இன்றைக்கும் நார்வே ராகம்தான்! பழகியதில் என்ன மாறியது?

எண்ணெய்க்கிணறு:
சோல்ஷர் மட்டும் கண்ணில் படவில்லையாக்கும்? 1996இல் மான்செஸ்டர் யுனைடெட்டுக்குக் கால்பந்து ஆடப் போனவர். அவர் பேச்சில் மான்செஸ்டர் வாடை அடிக்கிறதே, அதைத் தொலைக்காட்சியா கொடுத்தது?

கறார்கணக்கு:
ஆங்கிலத் திறனுக்கான உலகத் தரவரிசைப் பட்டியலில் நார்வே வருடா வருடம் முன்வரிசையில் நிற்கிறது. ஊர் முழுக்க மான்செஸ்டரில் போய்ப் படித்ததா?

ஓஸ்லோ அக்கா:
தம்பி, அந்தப் பட்டியலை வெளியிடுவது மொழிப் பாடம் விற்கிற ஒரு நிறுவனம். தாங்களாக முன்வந்து இணையத்தில் தேர்வு எழுதியவர்களின் மதிப்பெண் அது. அதுவும் பல ஆண்டுகளாக வாசிப்பையும் கேட்பையும்தான் அளந்தார்கள், பேச்சை அல்ல. நார்வே ஆய்வாளர் ஹெல்லெக்யார் 2005இல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். உயர்நிலைப் பள்ளி மாணவர்களில் பலர் பல்கலைக்கழக ஆங்கில நூல்களை வாசிக்கத் திணறுகிறார்கள் என்று அதில் இருக்கிறது. கடையில் பேசுகிற ஆங்கிலம் வேறு, படிக்கிற ஆங்கிலம் வேறு. எந்த ஆங்கிலத்தைப் பற்றிச் சண்டை பிடிக்கிறீர்கள் என்று முதலில் சொல்லுங்கள்.

எண்ணெய்க்கிணறு:
அக்கா ஆய்வோடு வந்துவிட்டார், எல்லோரும் எழுந்து நில்லுங்கள். லீட்ஸுக்குப் பதில் எங்கே?

பனிப்பூனை:
நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். இவர்கள் பயிற்சிக்கு ஆங்கிலேயரைத் தேடுவதே இல்லை, நம்மைத்தான் பிடிக்கிறார்கள்! கடையில் நான் நார்வே மொழியில் கேட்டால் அந்தப் பெண் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறாள். நான் விடாமல் நொர்ஷ்க் பேச, அவள் விடாமல் ஆங்கிலம் பேச... இலவச ஆசிரியர் வேலை பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

மழைநகர்வாசி:
உங்கள் நொர்ஷ்க் அப்படி இருந்திருக்கும்.

பனிப்பூனை:
பெர்கன் 'ர'வைத் தொண்டையில் உருட்டுகிறவர் சொல்கிறார்!

மழைநகர்வாசி:
பெர்கன் பேச்சைத் தொடாதீர்கள். ஓஸ்லோக்காரருக்கு அதில் எப்போதும் பொறாமை.

ஓஸ்லோ அக்கா:
விஷயத்துக்கு வாருங்கள். தாய்மொழிக்காரரிடம் போனால்தான் தெரிகிற குறை ஒன்று உண்டு. என் அலுவலகத்து நார்வேக்காரர்கள் லண்டனுக்கு எழுதும் மின்னஞ்சலில் இலக்கணப் பிழையே இருக்காது. ஆனால் தொனி, மேலதிகாரி கட்டளை போட்டது மாதிரி. நார்வேயில் அது சாதாரணம், அங்கே முகம் சுளிக்கிறார்கள். வசன வரி படித்து இது வராது. அந்த அளவுக்கு அண்ணை சொல்வது சரி. ஒரே காரணம் என்பதுதான் அபத்தம்.

எண்ணெய்க்கிணறு:
சரி என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். எல்லோரும் குறித்துக்கொள்ளுங்கள்!

கறார்கணக்கு:
அபத்தம் என்றும் சொன்னார். அதை யார் குறித்துக்கொள்வது? ஹாலண்ட் வளர்ந்தது ப்ரினேவில். சுற்றிலும் வயல், மாடு. அங்கே எந்த ஆங்கிலேயர் இருந்தார்?

எண்ணெய்க்கிணறு:
ப்ரினே ஸ்தவாங்கர் பக்கம்தான். எங்கள் ஊர்க் காற்று அங்கேயும் வீசும். அவர் அப்பா எத்தனையோ வருடம் இங்கிலாந்தில் ஆடியவர், வீட்டில் ஆங்கிலம் கேட்காமலா இருந்திருக்கும்?

கறார்கணக்கு:
முதலில் லீட்ஸ், பிறகு காது, இப்போது அப்பா. அடுத்தது தாத்தாவா? ப்ரினே ஸ்தவாங்கர் ஆகாது. கால்பந்தில் ஆட்ட நாயகனுக்கு முட்டைத் தட்டு பரிசு கொடுக்கிற ஊர் அது. உங்கள் எண்ணெய்ப் பணக்கார ஊரில் கொடுப்பார்களா?

எண்ணெய்க்கிணறு:
முட்டையைக் கேலி செய்யாதீர்கள். 2025இல் ப்ரினே அணியின் கோல்கீப்பர் நான்கு தட்டு வாங்கியதை உலகமே பார்த்தது. ரயில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் ப்ரினே. ஸ்தவாங்கர்தான்.

பனிப்பூனை:
கடையில் ஆங்கிலம் பேசுகிறவர்களை என்ன செய்வது, யாராவது சொல்லுங்களேன்.

மழைநகர்வாசி:
பெர்கனுக்குக் குடிவாருங்கள்.

எண்ணெய்க்கிணறு:
அவர் பேச்சைக் கேட்காதீர்கள், பெர்கனில் மழைதான் கிடைக்கும். போன கோடையில் ப்ரைக்கஸ்தூலன் பாறையில் நான் எடுத்த படத்தை "மங்கல்" என்று சொன்னவரும் இவர்தான். அதற்கே இன்னும் பதில் வரவில்லை.

மழைநகர்வாசி:
மங்கல்தான்.