மோட்டார் அதிர்வில் ஓடும் சென்சார்: மீட்டரில் 12 வோல்ட் காட்டுது, சிக்னல் வரலை. உதவுங்க

அவிநாசி மில் ஃபிட்டர்:
வணக்கமுங்க. ஸ்பின்னிங் மில்லில் மெயின்டனன்ஸ் பாக்கறேன். எச் பிளாண்ட் (மில்லுக்குள்ள காத்துல ஈரம் ஏத்துற இடம்) ஃபேன் மோட்டார்களோட பேரிங் சூட்டை ஒயர் இழுக்காம பாக்கணும். உள்ள எந்நேரமும் ஈரம், ஓடுற ஃபேன் பக்கத்துல ஆளை அனுப்பி பேட்டரி மாத்தச் சொல்ல மனசு வரலைங்க. அதனால மோட்டார் அதிர்வுலயே கரண்ட் எடுக்கலாம்னு, பீசோ பட்டையை (வளைஞ்சு ஆடினா கரண்ட் தர்றது) ஒரு முனையில மட்டும் இறுக்கி பேரிங் ஹவுசிங்ல மாட்டியிருக்கேன். அதுக்கப்புறம் அந்தக் கரண்ட்டை டிசியாக்கிச் சேர்த்துத் தர்ற எல்டிசி3588 ஐசி போர்டு, 1000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர், சூட்டை அனுப்ப ஈஎஸ்பி32 வைஃபை போர்டு.

பீசோவைத் தனியா மீட்டர்ல வெச்சா 12 வோல்ட் ஏசி. எல்லாம் கோத்தா எல்இடி ஒருக்கா மினுக்கி அணைஞ்சுருது. கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடியும் அதே. மோட்டார் 4 போல், 1440 ஆர்பிஎம். ஒண்ணு மட்டும் வேகத்தை மாத்துற டிரைவ்ல ஓடுது.

பீளமேடு சர்க்யூட்:
தம்பி, 12 வோல்ட் லோடு இல்லாதப்ப வர்றது. பீசோல வோல்டேஜ் இருக்கும், ஆம்பியர் இருக்காது. இந்த அளவு பட்டைக்கு 100 மைக்ரோவாட்னு வெச்சுக்குங்க.

இப்ப செலவு. வைஃபைல சேர்ந்து ஒரு தடவை அனுப்ப சராசரி 100 மில்லிஆம்ப், ஒரு செகண்ட்னாலே 0.33 ஜூல். அந்த ஐசி 3.3 வோல்ட் செட்டிங்ல, கெப்பாசிட்டர் 5 வோல்ட்டைத் தாண்டினதும் திறக்கும், 3.7க்கு இறங்கினா மூடிக்கும். அந்த இடைவெளியில உங்க 1000 மைக்ரோஃபாரட்ல கிடைக்கறது 6 மில்லிஜூல் சுமார். 55 மடங்கு பத்தலை. அதுமில்லாம ஐசி தர்றதே 100 மில்லிஆம்ப்தான், வைஃபை அனுப்பற நொடியில 200க்கு மேல கேட்கும். எல்இடி மினுக்கி அணையறது இதனாலதான்.

கெப்பாசிட்டரைப் பெருசாக்கினாலும் 100 மைக்ரோவாட்ல 0.33 ஜூல் சேர 55 நிமிஷம், அதுவும் கசிவே இல்லைன்னா. வைஃபையை விட்டுருங்க. என்ஆர்எஃப்52 மாதிரி புளூடூத் சிப் போட்டு, இணைப்பு இல்லாம பீக்கனா (யார் வேணா கேட்கற மாதிரி சின்னத் தகவலா) மட்டும் அனுப்புங்க. முழிச்சு, சூட்டை அளந்து, அனுப்பிட்டுத் தூங்க 1 மில்லிஜூல் போதும். அந்தச் சிக்னலைப் பிடிக்கறதுக்கு ஒரு ஈஎஸ்பி32 கரண்ட் இருக்கற இடத்துல இருக்கட்டும்.

சோமனூர் தறிக்காரர்:
அண்ணா சொன்ன கணக்கு சரிங்க. ஆனா அந்த 100 மைக்ரோவாட்டே பட்டை மோட்டாரோட சேர்ந்து ஆடினாத்தான் வரும். 1440ஐ 60ஆல வகுத்தா 24 ஹெர்ட்ஸ். உங்க பட்டை எத்தனைல ஆடுது? போன்ல ஃபைஃபாக்ஸ் ஆப் போட்டு, ஹவுசிங்ல ஒட்ட வெச்சு ஸ்பெக்ட்ரம் பாருங்க. உச்சம் எங்க நிக்குதோ அதுக்குப் பட்டையை இழுத்துட்டு வரணும். முனையில எடை ஏத்தினா இறங்கும். எடை நாலு மடங்கானா அதிர்வெண் பாதி. பித்தளைத் துண்டை எபாக்ஸில ஒட்டி, கொஞ்சம் கொஞ்சமா அரத்துல ராவுங்க.

இன்னொண்ணு, மில்லுங்க இது. பட்டைக்கும் தகட்டுக்கும் நடுவுல பஞ்சு அடைஞ்சா ஆட்டம் செத்துரும். மூடி போட்ட டப்பாவுக்குள்ள வையுங்க. டபுள் டேப் வேண்டாம், போல்ட்தான்.

அவிநாசி மில் ஃபிட்டர்:
ரொம்ப நன்றிங்ணா, ரெண்டு பேருக்கும். போன்ல 24கிட்ட தெளிவான உச்சம். பட்டையைச் சுண்டிப் பாத்தா 40க்கு மேல ஆடுது. பித்தளை ஏத்தி 24க்குக் கொண்டாந்து, புளூடூத் போர்டு மாத்தினேன். இப்ப பேரிங் சூடு அரை நிமிஷத்துக்கு ஒருக்கா வந்துட்டே இருக்குதுங்க! டிரைவ்ல ஓடுற மோட்டார்ல மட்டும் வேகம் மாறினதும் நின்னுருது.

பீளமேடு சர்க்யூட்:
அங்க பீசோ சரிப்படாது தம்பி, 1 ஹெர்ட்ஸ் தள்ளினாலே பட்டை சோர்ந்துரும். மோட்டாருக்குப் போற கேபிள்ல ஒரு ஃபேஸ்ல மட்டும் சின்ன சிடி (கரண்ட் டிரான்ஸ்ஃபார்மர்) மாட்டி அதுல எடுங்க. மூணு ஃபேஸையும் சேர்த்து வளைச்சா ஒண்ணையொண்ணு அழிச்சுக்கும், ஒண்ணும் வராது. சிடியோட ரெண்டு முனையைத் திறந்து விடவே கூடாது, வோல்டேஜ் எகிறும். குறுக்கால ஜீனர் (வோல்டேஜை ஓர் அளவுக்கு மேல விடாத டயோடு) போட்டப்புறம் மாட்டுங்க. மெயினை ஆஃப் பண்ணிட்டு, எலக்ட்ரீசியனைக் கூட வெச்சுக்கிட்டு.