ஸ்டைபண்ட் (ஆராய்ச்சி மாணவர்களுக்கு குடுக்கற உதவித்தொகை) நகரவே மாட்டேங்குது, வாடகை நிக்கவே மாட்டேங்குது. வெளிநாட்டு ஸ்டூடண்ட் என்னதான் பண்றது?

முடியாத_தீசிஸ்:
யுஎஸ்ல பிஎச்டி, அஞ்சாவது வருசம். 2021ல ஆஃபர் லெட்டர்ல போட்டிருந்த தொகைதான் கிட்டத்தட்ட இன்னிக்கும் வருது, வாடகை மட்டும் ஒவ்வொரு லீஸ் முடியும்போதும் ஏறுது, மூணு பேர் இருந்த வீட்ல இப்போ அஞ்சு பேர். பத்தலன்னு சொன்னா சைடுல ஏதாவது வேலை பாருங்கறாங்க. எஃப்-1 ஸ்டூடண்ட் விசால செமஸ்டர் நடக்கும்போது வாரம் 20 மணி நேரம்தான், அதுவும் கேம்பஸுக்குள்ள. ஸ்டைபண்டுக்காக நாம பாக்கற ஆர்ஏ, டிஏ (ஆராய்ச்சி உதவியாளர், கற்பித்தல் உதவியாளர்) வேலையே பேப்பர்ல 20 மணி நேரம்னுதான் இருக்கு, அப்புறம் சைடு எங்க இருக்கு? பக்கத்து டெஸ்க்ல இருக்கற அமெரிக்கன் பையன் வீக்கெண்ட்ல ட்யூஷன் எடுத்து சமாளிக்கறான். அதே ஸ்டைபண்ட்தான், ஆனா அவனுக்கு அது வருமானத்துல ஒரு பகுதி, எனக்கு அதுதான் மொத்தமும். என்எஸ்எஃப் (அமெரிக்க அரசோட அறிவியல் நிதி அமைப்பு) ஃபெலோஷிப் வருசத்துக்கு 37,000 டாலர், அப்ளை பண்ணவே சிட்டிசனோ கிரீன் கார்டோ வேணும்.

கூட்டல்_கழித்தல்:
நானும் எஃப்-1ல கிடந்து வந்தவன்தான், கோச்சுக்காம கேளுங்க. லெட்டர்ல கையெழுத்து போட்டது நீங்கதானே? ட்யூஷன் வேவர் (காலேஜ் ஃபீஸ் தள்ளுபடி), இன்சூரன்ஸ் எல்லாம் சேத்து கணக்கு போடுங்க, மாஸ்டர்ஸ் வர்றவங்க பாதி பேர் லோன் வாங்கி ஃபீஸ் கட்டறாங்க. முதல் அஞ்சு வருசம் நமக்கு சோஷியல் செக்யூரிட்டி (ஓய்வூதியம்), மெடிகேர் (முதியோர் மருத்துவக் காப்பீடு) பிடித்தமும் சம்பளத்துல கிடையாது, அத யாரும் பேசறதில்ல.

முடியாத_தீசிஸ்:
ட்யூஷன் வேவர வச்சு வீட்டுக்காரருக்கு வாடகை குடுக்க முடியுமா பாஸ்? கோர்ஸ்வொர்க் எப்பவோ முடிஞ்சாச்சு, நான் எந்த கிளாஸ்லயும் உக்காரல, லேப்ல அவங்களுக்கு பேப்பர்தான் எழுதிக் குடுக்கறேன். அந்த ட்யூஷன் ஃபீஸ் யூனிவர்சிட்டியோட ஒரு பாக்கெட்லேருந்து இன்னொரு பாக்கெட்டுக்குப் போகுது, என் கைக்கு வர்றதே இல்ல. கையெழுத்து போட்டேன், ஆமா. 2022 ஜூன்ல விலைவாசி 9.1 சதவீதம் ஏறும்னு அந்த லெட்டர்ல போட்டிருந்தாங்களா?

லேப்_மூலை:
நான் போஸ்ட்டாக் (பிஎச்டி முடிச்சுட்டு லேப்ல ஆராய்ச்சி பண்றவன்), எங்க பிஐக்கு, அதாவது லேப் நடத்தற பேராசிரியருக்கு, கிராண்ட் (ஆராய்ச்சி நிதி) பட்ஜெட் எழுதறது நான்தான். அந்தப் பக்கத்தையும் கொஞ்சம் பாருங்க. என்ஐஹெச்ல (அமெரிக்க அரசோட மருத்துவ ஆராய்ச்சி நிதி அமைப்பு) விரிவான கணக்கு இல்லாம கேக்கற மாடுலர் பட்ஜெட் 1999ல வந்துச்சு, டைரக்ட் காஸ்ட் (ஆராய்ச்சிக்கான நேரடிச் செலவு) வருசத்துக்கு 2,50,000 டாலர் வரைக்கும். இன்னிக்கும் அதே 2,50,000. மேல வேணும்னா ஒவ்வொரு செலவையும் விரிவா எழுதி நியாயப்படுத்தணும், அதனால நெறைய பேர் அதுக்குள்ளயே அடக்கிடறாங்க. ரெண்டு ஸ்டூடண்ட், ஒரு போஸ்ட்டாக், கெமிக்கல்ஸ், சீக்வென்சிங், முடிஞ்சுது. ஸ்டைபண்ட ஏத்தினா ஒரு ஆளை எடுக்க முடியாது, அவ்வளவுதான். பாஸ்டன் யூனிவர்சிட்டில 2024ல ஏழு மாசம் கிட்ட ஸ்ட்ரைக் நடத்தி மினிமம் 45,000 வாங்கினாங்க, சந்தோஷம். அந்த நவம்பர்லயே ஹியூமானிட்டீஸ், சோஷியல் சயின்ஸ்ல பல பிஎச்டி ப்ரோக்ராமுக்கு அடுத்த வருச அட்மிஷன நிறுத்திட்டாங்க. ஜெயிச்சது உள்ள இருக்கறவங்க, அடி வாங்கினது இனிமே வரப்போறவங்க.

பனிமூட்டம்:
அண்ணா, இந்த "ஏத்தினா சீட் போயிடும்"ங்கறத நாங்க கனடால ரொம்ப வருசமா கேட்டாச்சு. இங்க ஃபெடரல் மாஸ்டர்ஸ் ஸ்காலர்ஷிப் 2003லேருந்து 17,500 கனடா டாலர், இருபது வருசத்துக்கு மேல ஒரு டாலர் ஏறல. 2023 மே 1ந்தேதி நாடு முழுக்க ஸ்டூடண்ட்ஸ் வெளிநடப்பு பண்ணாங்க, 2024 பட்ஜெட்ல மாஸ்டர்ஸுக்கு 27,000, பிஎச்டிக்கு 40,000ன்னு ஆச்சு. அவ்வளவு நாள் இல்லாத காசு அப்போ எங்கேருந்து வந்துச்சு? (அந்த மாஸ்டர்ஸ் ஸ்காலர்ஷிப் நமக்கு இல்ல, அது தனிக் கதை.)

எனக்கு எரியறது இதுதான். ஸ்டடி பர்மிட்டுக்கு ஃபீஸ் போக காட்ட வேண்டிய செலவுப் பணம் 10,000 டாலரா இருந்துச்சு, 2024 ஜனவரிலேருந்து 20,635, 2025 செப்டம்பர்லேருந்து 22,895. செலவு ரெண்டு மடங்குக்கு மேல ஆயிடுச்சுன்னு பர்மிட் குடுக்கறவங்களுக்கு தெரியுது, ஃபண்டிங் குடுக்கற டிபார்ட்மெண்ட்டுக்கு மட்டும் தெரியல. எனக்கு குடுக்கற ஃபண்டிங் பேக்கேஜ்ல ஃபீஸ கழிச்சா அந்த 22,895 பக்கத்துலகூட வராது.

கூட்டல்_கழித்தல்:
கனடால கேம்பஸுக்கு வெளிய வாரம் 24 மணி நேரம் வேலை பாக்க விடறாங்களேம்மா.

பனிமூட்டம்:
விடறாங்க. 24 மணி நேரம் கடை கவுண்டர்ல நின்னா எக்ஸ்பெரிமெண்ட யார் பாப்பாங்க? அதனால டிகிரி ஒரு வருசம் இழுத்தா அந்த வருசத்து இன்டர்நேஷனல் ஃபீஸ் யார் கட்டுவாங்க? சம்பாதிச்சது அதுலயே போயிடும்.

தேம்ஸ்_ஓரம்:
யூகேல ஏத்தறாங்கப்பா. யூகேஆர்ஐ (பிரிட்டிஷ் அரசோட ஆராய்ச்சி நிதி அமைப்பு) ஸ்டைபண்ட் வருசத்துக்கு 2021-22ல 15,609 பவுண்டு, 2025-26ல 20,780. நடுவுல 2022-23க்கு 16,062ன்னு சொல்லியிருந்தத விலைவாசி பாத்து 17,668 ஆக்கினாங்க. மனசு வச்சா முடியும். ஆனா இன்னொரு கையால வாங்கிடறாங்க, ஸ்டூடண்ட் விசா ஹெல்த் சர்சார்ஜ் (அரசு மருத்துவ சேவைக்கான கட்டணம்) வருசத்துக்கு 470 பவுண்டுலேருந்து 776 ஆயிடுச்சு, படிக்கற அத்தனை வருசத்துக்கும் சேத்து விசா போடும்போதே கட்டணும்.

லேப்_மூலை:
நீங்க ரெண்டு பேரும் சொல்றது அரசாங்கம் நேரா குடுக்கற ஸ்காலர்ஷிப். பட்ஜெட்ல ஒரு வரி மாத்தினா ஏறிடும். கிராண்ட்லேருந்து சம்பளம் குடுக்கற பிஐ என்ன பண்ணுவார்? அவர திட்டி பிரயோஜனம் இல்ல, 1999 தொகைய மாத்தச் சொல்லுங்க.

முடியாத_தீசிஸ்:
யார்கிட்ட சொல்ல? இந்த நாட்ல எனக்கு ஓட்டு இல்ல. இருக்கறது யூனியன் ஒண்ணுதான், அதுக்கும் எங்க லேப்ல பாதி பேர் விசாவுக்கு ஏதாவது ஆயிடுமோன்னு பயந்து மீட்டிங் பக்கமே வரல. சீட் குறைஞ்சா குறையட்டும். பத்து பேர அரைப்பட்டினி போடறதுக்கு ஏழு பேர ஒழுங்கா வச்சுக்கட்டும்.

கூட்டல்_கழித்தல்:
சீட் இல்லாம போற அந்த மூணு பேர்ல 2021ல நீங்க இருந்திருந்தா?

முடியாத_தீசிஸ்:
அப்பவே ரிஜெக்ட் ஆயிருந்தா 23 வயசுல வேற வழி பாத்திருப்பேன். இப்போ 28, பாதில விட்டா விசாவும் போச்சு.

ஃபால்_அட்மிட்:
குறுக்க வர்றேன், மன்னிக்கவும். எனக்கு யுஎஸ் ஆஃபர் வந்திருக்கு, ஒன்பது மாச ஸ்டைபண்ட், சம்மருக்கு "நிதி இருந்தால்"னு போட்டிருக்காங்க. ஒத்துக்கலாமா?

லேப்_மூலை:
கையெழுத்துக்கு முன்னாடி அந்த லேப்ல இப்போ இருக்கற ஸ்டூடண்ட்டுக்கு மெயில் போட்டு போன சம்மர் யாருக்கெல்லாம் காசு வந்துச்சுன்னு கேளுங்க. பிஐகிட்ட கேட்டா "சாதாரணமா கிடைக்கும்"னுதான் சொல்லுவார், நாங்களும் அப்படித்தான் சொல்றோம்.

கூட்டல்_கழித்தல்:
வருசா வருசம் ஏத்துவாங்களான்னும் எழுத்துல கேளுங்க. பெரும்பாலான யூனிவர்சிட்டில ஏப்ரல் 15 வரைக்கும் டைம் உண்டு, அவசரப்படுத்தினா விட்டுக் குடுக்காதீங்க.