2 மி.மீ. கிரே போர்டு, 5 மி.மீ. ஃபோம் போர்டு: ஒரே ஒரு கட்டர்னா 9-ஆ, 18-ஆ?

கொலுப்படி:
நவராத்திரி கொலுவுக்குக் கோபுர மாடல் ஒன்று செய்யப் போறோம். அடித்தளத்துக்கு 2 மி.மீ. கிரே போர்டு, நிலைகளுக்கு 5 மி.மீ. ஃபோம் போர்டு, மாடம், சாளரம் மாதிரி நுணுக்கத்துக்கு 300 ஜி.எஸ்.எம். அட்டை. பிளேடை ஒடிச்சு ஒடிச்சுப் பயன்படுத்துற கட்டர் ஒன்றே ஒன்று வாங்கணும். கடையில் பிளேடு அகலம் 9 மி.மீ., 18 மி.மீ. ரெண்டும் இருக்கு. அதிலும் திருகு வெச்சது, தள்ளினா தானா பூட்டிக்கிறது என்று ரெண்டு வகை. எதை எடுக்கலாம்?

முக்கால்_இன்ச்:
18. கிரே போர்டு என்று சொன்ன பிறகு வேறு பேச்சே இல்லை.

9 மி.மீ. பிளேடின் தடிமன் 0.38 மி.மீ., 18-இன் தடிமன் 0.5. பக்கவாட்டில் வளையாமல் நிற்கும் விறைப்பு, அகலம் கூடும் அளவுக்கு நேராகவும் தடிமனின் மும்மடியாகவும் கூடும். 0.5-ஐ 0.38-ஆல் வகுத்து மும்மடியாக்கினால் 2.28. அகலம் இரண்டு மடங்கு. ஆகமொத்தம் சுமார் 4.5 மடங்கு விறைப்பு.

இது ஏன் முக்கியம் என்றால், பிளேடு வளைந்தால் மேல்பக்கம் கோடு ஸ்கேலோடு ஒட்டி அழகாக இருக்கும், அடிப்பக்கம் வெட்டு தள்ளிப் போயிருக்கும். விளிம்பு சாய்ந்த நாலு சுவரை ஒட்டிப் பாருங்கள், மூலையில் மேலே சேரும், கீழே இடைவெளி நிற்கும். கோபுரத்தில் அந்தப் பிழை நிலைக்கு நிலை ஏறிக்கொண்டே போகும்.

ஊசிமுனை:
கணக்குல பாதியை மட்டும் போட்டிருக்கீங்க சார். எவ்வளவு நீளம் வெளியே நீட்டியிருக்குன்னு சொல்லவே இல்லையே?

வளைவு, நீட்டின நீளத்தோட மும்மடியாக் கூடும். 9-ல ஒரு துண்டு சுமார் 5 மி.மீ., 18-ல சுமார் 10 மி.மீ. ரெண்டுலயும் ஒரே ஒரு துண்டை வெளியே விட்டு ஒரே அழுத்தம் குடுங்க. நீளம் ரெண்டு மடங்குங்கிறதால 18 எட்டு மடங்கு அதிகமா வளையணும், உங்க 4.5 மடங்கு விறைப்பு அதைக் குறைக்கும். எட்டை நாலரையால வகுத்தா? 18 தான் முக்கால் பங்கு கூடுதலா வளையுது. உங்க பேருக்கே பொருத்தமா வந்துடுச்சு.

2 மி.மீ. போர்டுக்கு 5 மி.மீ. பிளேடு தாராளம். தடிமனான பிளேடு போர்டுக்குள்ள ஆப்பு மாதிரி இறங்கும், வெட்டோட ரெண்டு ஓரமும் உப்பி நிக்கும். மேல தாள் ஒட்டினா அந்த மேடு அப்படியே தெரியும்.

முக்கால்_இன்ச்:
சரி, கிரே போர்டில் அந்தக் கணக்கை ஒப்புக்கொள்கிறேன். ஃபோம் போர்டுக்கு வாருங்கள்.

ஃபோம் போர்டைச் செங்குத்தாகக் குத்தி இழுத்தால் நடுவிலுள்ள நுரை பிய்ந்து உருளும். பிளேடின் கூர் ஓரம் பலகையோடு 30 டிகிரி சாய்வில் படுத்தால்தான் அறுக்கும். 5 மி.மீ. ஆழத்தை 30 டிகிரியில் கடக்க 10 மி.மீ. கூர் ஓரம் உள்ளே இருக்க வேண்டும், ஸ்கேலின் தடிமனுக்கும் சேர்த்து விட வேண்டும். ஆக 9-இலும் மூன்று துண்டு வெளியே நீட்டியாக வேண்டும். இரண்டிலும் 15 மி.மீ. நீட்டினால் நீளம் சமம், என் நாலரை மடங்கு அப்படியே நிற்கிறது.

சில்லு:
ரெண்டு பேரும் பிளேடை மட்டுமே கணக்குப் போடறீங்க. பிளேடு ஓடுற தடம் எப்படி இருக்குன்னு யாரும் கேக்கல. முழுக்க பிளாஸ்டிக்ல வர்ற மலிவு கட்டர்ல பிளேடுக்கும் தடத்துக்கும் நடுவுல இருக்கிற ஆட்டம், நீங்க சொல்ற வளைவையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டுடும்.

கடையிலேயே பாத்துடலாம். ரெண்டு துண்டு நீட்டிப் பூட்டுங்க. கூர் ஓரத்தைத் தொடாம, பிளேடோட தட்டையான ரெண்டு பக்கத்தையும் விரலால பிடிச்சு இப்படியும் அப்படியும் அசைங்க. ‘டிக் டிக்’னு சத்தம் கேட்டா கீழ வெச்சுட்டு அடுத்ததை எடுங்க. வாய் வரைக்கும் உலோகத் தடம் மடிச்சு வந்திருக்கணும். அப்படிப்பட்ட 9, ஆட்டம் உள்ள 18-ஐ விட நேரா வெட்டும்.

பிளேடைத் தனியா நல்லதா வாங்கிப் போட்டுக்கலாம். 1956-ல ஒசாகாவுல ஒகாடா யோஷியோ இந்த ஒடிக்கிற பிளேடை உருவாக்கினார். செருப்புத் தைக்கிறவங்க உடைஞ்ச கண்ணாடிச் சில்லால வெட்டறதையும், கட்டம் கட்டமா ஒடியற சாக்லேட்டையும் சேர்த்து யோசிச்சதுதான் இது. ஜப்பானிய மொழியில ‘ஓரு’ன்னா ஒடி, ‘ஹா’ன்னா கூர் ஓரம். ஓல்ஃபாங்கிற பேர் அதுலேர்ந்து வந்தது. அவங்க வெச்ச அளவையே மத்தவங்களும் பிடிச்சுக்கிட்டதால, பெரும்பாலும் எந்த 9 பிளேடும் எந்த 9 கட்டர்லயும் உக்காரும். அதனால காசைப் பிடியில போடறதா பிளேடுல போடறதான்னு கேட்டா, முதலாவதுதான்.

பைண்டிங்_மேசை:
கட்டர் சண்டை ஒருபுறம் இருக்கட்டும். கிரே போர்டு கோணலாகப் போவதற்கு முதல் காரணம் அளவு இல்லை, அவசரம். 2 மி.மீ.யை ஒரே இழுப்பில் வெட்ட நினைத்தால் எந்த பிளேடும் வளையும்.

முதல் இழுப்பில் அழுத்தமே வேண்டாம், கட்டரின் எடை மட்டும். அது ஒரு தடம் போட்டுத் தரும். இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதிலிருந்து கொஞ்சம் அழுத்தலாம். 9-இல் ஏழெட்டு இழுப்பு, 18-இல் ஐந்தாறு. இறுதி இழுப்பில் மறுபடி அழுத்தத்தைக் குறையுங்கள், இல்லையென்றால் அடித்தாள் கிழிந்து பிசிறு நிற்கும். போர்டுக்கு நார் ஓடும் திசை உண்டு. இரண்டு பக்கமும் லேசாக வளைத்துப் பார்த்தால் எளிதில் வளையும் பக்கம் தெரியும். நாருக்குக் குறுக்கே வெட்டும்போது இரண்டு இழுப்பு கூடுதலாகப் பிடிக்கும்.

ஸ்டீல் ஸ்கேல்தான். பிளாஸ்டிக் ஸ்கேலைக் கட்டர் செதுக்கிவிடும், அலுமினியமும் நாளடைவில் பல் விழும். உங்களுக்கு வேண்டிய துண்டின் மேல் ஸ்கேல் இருக்கட்டும், கட்டர் கழிவுப் பக்கம் ஓடட்டும். வழுக்கினால் கெடுவது கழிவு மட்டும். ஸ்கேலைப் பிடித்த கையின் கட்டைவிரல் ஓரத்தைத் தாண்டி எட்டிப் பார்க்கிறதா என்று ஒவ்வொரு இழுப்புக்கும் முன்னால் பாருங்கள்.

ஊசிமுனை:
300 ஜி.எஸ்.எம். அட்டையை எல்லாரும் மறந்துட்டீங்க. கோபுரத்துல அதிக நேரம் போறது அங்கதான். 18 பிளேடால 6 மி.மீ. சாளரம் வெட்டிப் பாருங்க. முனை எங்க நிக்குதுன்னே தெரியாது, பிளேடோட அகலம் மறைச்சுடும். வளைவுல திருப்பினா பின்பக்கம் இழுத்துக்கிட்டு வரும், மாடத்தோட அரைவட்டம் பலகோணமாயிடும்.

9-ல 30 டிகிரி பிளேடுன்னு தனியா வருது. வழக்கமானதுல முனை சுமார் 60 டிகிரி. 30-ல முனை ஊசியா இருக்கும், கோடு கண்ணுக்குத் தெரியும். சாளரத்துக்கு மூலையிலேர்ந்து நடுவை நோக்கி வெட்டுங்க, அட்டையைத் திருப்பி எதிர் மூலையிலேர்ந்தும் நடுவுக்கே வாங்க. மூலையை நோக்கி இழுத்துக்கிட்டுப் போனா கட்டாயம் தாண்டிடும், பெயின்ட் அடிச்சாலும் அந்தக் கீறல் மறையாது. வளைவுல கட்டரை அசைக்காதீங்க, அட்டையைச் சுத்துங்க.

முக்கால்_இன்ச்:
அதே 30 டிகிரி பிளேடை மறந்துபோய்க் கிரே போர்டில் இறக்கினால் முனை முறிந்து தெறிக்கும் என்பதையும் எழுதுங்கள். ஒரே கட்டர் என்று கேட்டவருக்கு, வேலைக்கு வேலை பிளேடு மாற்றச் சொல்வது இரண்டு கட்டர் வாங்கச் சொல்வதற்குச் சமம்.

ஊசிமுனை:
முனை முறியறது உண்மைதான், கண்ணாடி போட்டுக்கணும். ஆனா பிளேடு மாத்த அரை நிமிஷம் போதும். 9 பிளேடை 18 பிடியில போட முடியாதே!

கொலுப்படி:
ஒடிக்கிறதைப் பத்தியும் சொல்லுங்க. நேரா உடையாம தெறிச்சுப் போகுது. எவ்வளவு வெட்டின பிறகு ஒடிக்கணும்? பூட்டு எந்த வகை?

பைண்டிங்_மேசை:
தெறிப்பதற்குப் பெரும்பாலும் மூன்று காரணம். ஒன்றுக்கு மேற்பட்ட துண்டு வெளியே நீட்டியிருக்கும், அல்லது பூட்டாமல் ஒடித்திருப்பார்கள், அல்லது திசை தப்பாக இருக்கும்.

ஒரு துண்டு மட்டும் வெளியே வரட்டும், அதன் கீறல் தடத்தின் வாய் ஓரத்தில் நிற்கட்டும், பூட்டுங்கள். கோடு கீறிய பக்கம் உங்களைப் பார்த்து மேலே இருக்கட்டும். துண்டைப் பிளேயரால் அகலமாகப் பிடித்துக் கீழ்நோக்கி மடக்குங்கள். கீறலின் வாய் விரிந்து ‘டக்’கென்று நேராக உடையும். எதிர்த்திசையில் மடக்கினால் கீறல் மூடிக்கொள்ளும், பிளேடு வில்லாக வளைந்து கண்ட இடத்தில் முறியும். பல கட்டர்களின் வால் மூடியில் இருக்கும் பிளவு இதற்குத்தான். அந்தப் பிளவில் துண்டைச் செருகி மடக்கலாம்.

ஒடித்த துண்டைக் குப்பையில் போடாதீர்கள். தூய்மைப் பணியாளர் கையில் குத்தும். தகர டப்பா மூடியில் ஒரு பிளவு போட்டு அதில் சேருங்கள், நிறைந்ததும் டேப்பால் இறுக்கிச் சுற்றி மேலே ‘பிளேடு’ என்று எழுதிவிடுங்கள்.

எப்போது ஒடிப்பது என்பதைப் பொருள் சொல்லும். அட்டையில் ஓரம் பஞ்சாகும், ஃபோமில் நுரை மணி மணியாக உதிரும், கிரே போர்டில் இழுப்பு எண்ணிக்கை கூடும். கிரே போர்டு பழைய தாளை அரைத்துச் செய்வது, அதிலுள்ள மண்ணும் களிமண்ணும் கூரைத் தின்னும். இரண்டு மூன்று மீட்டருக்கு ஒரு துண்டு போனாலும் அது வீண் இல்லை.

சில்லு:
அதை இன்னும் மிச்சம் பிடிக்கலாம். புதுத் துண்டுல முதல்ல ஃபோம் வெட்டுங்க, அதுக்குத்தான் கூர் ரொம்ப வேணும். ஃபோம் உதிர ஆரம்பிச்சா அதே துண்டை அட்டைக்கு, கடைசியா கிரே போர்டுக்கு. 9-ல 13 துண்டு, 18-ல 8 துண்டுதான்.

கருப்பு பிளேடு கிடைச்சா எடுங்க, வெள்ளையை விடக் கூர் தீட்டல் நுணுக்கம். கடலோர ஊருன்னா தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு தடவி வைக்கலாம். வெட்டறதுக்கு முன்னால துடைச்சுடுங்க, இல்லேன்னா அட்டையில கறை ஏறும்.

முக்கால்_இன்ச்:
பூட்டு: திருகு. கிரே போர்டில் அழுத்தும்போது தானாகப் பூட்டும் வகை, அதுவும் மலிவானது, ஒரு பல் பின்வாங்கும். பிளேடு திடீரென்று உள்ளே போனால் கை முன்னால் போகும்.

ஊசிமுனை:
திருகுல வேற ஆபத்து இருக்கு. மூடறதுக்குத் திருகைத் தளர்த்தணும்னா யாரும் மூட மாட்டாங்க. மேசையில திறந்தே கிடக்கும், மேல தாள் விழும், தாளை எடுக்கப் போற கை அதுமேலதான் படும். கொலு வேலைன்னா வீட்டுல குழந்தைங்க சுத்திக்கிட்டே இருப்பாங்க. ஒரு கட்டைவிரல் தள்ளுல மூடறதுதான் வேணும். எட்டு இழுப்புல வெட்டினா எந்தப் பூட்டும் நழுவற அளவுக்கு அழுத்தமே வராது.

கொலுப்படி:
முடிவு பண்ணியாச்சு. உலோகத் தடம் உள்ள 9, தானா பூட்டறது, கூடவே 30 டிகிரி பிளேடு ஒரு பெட்டி. முக்கால் சார் மன்னிக்கணும். கட்டிங் மேட்டுக்குப் பதிலா பழைய பிளைவுட் வெச்சுக்கலாமா?

முக்கால்_இன்ச்:
மன்னிக்க மாட்டேன். 5 மி.மீ. ஃபோமில் சாய்வு வந்தால் இங்கேயே வந்து எழுதுங்கள்.

பிளைவுட் வேண்டாம், இது எந்தக் கட்டருக்கும் பொருந்தும். மர நார் முனையைத் தன் போக்கில் இழுக்கும், பழைய வெட்டுத் தடத்தில் விழுந்தால் உங்கள் கோடும் அதன் பின்னால் போகும். கண்ணாடி வைத்தால் நாலு இழுப்பில் முனை மழுங்கும். மேட் கிடைக்கும்வரை அதே கிரே போர்டில் ஒரு கழிவுத் துண்டை அடியில் வையுங்கள், ஒவ்வொரு நீள வெட்டுக்கும் அதைக் கொஞ்சம் நகர்த்திவிடுங்கள்.